துபாஷியின் கைக்கணக்கு

நாட்குறிப்பு எழுத ஆசைப்படும் எழுத்தாளர்களுக்கு நான் கைகாட்டுவது ஒரு வியாபாரியை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை விடவில்லை. கடைசி நாட்களில் உடம்பு முடியாதபோது சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள்.

என்னதான் இல்லை அதில்! எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பற்றி ஆளுநரிடம் கோள் சொன்னார்கள், சகுனம் எப்படி, தனக்கு நடந்த மரியாதையில் என்ன குறை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், 1748இல் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதும் இவற்றுக்கு நடுவேதான் வருகின்றன. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் மனைவிமேல் இருந்த ஆத்திரத்தையும் அவர் மறைக்கவில்லை. தற்பெருமைக்கும் பஞ்சமில்லை, எனக்கு அதுவும் பிடிக்கும்.

நடையைப் பார்க்க வேண்டும். பேச்சு வழக்கும் வடமொழியும் உருதும் பிரெஞ்சுப் பெயர்களும் தமிழ் வாயில் அரைபட்டு ஒரே வாக்கியத்தில் நெருக்கியடிக்கும். திருத்தி எழுத நேரமிருந்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். நம் நாட்குறிப்புகள் பல பிறர் படிப்பார்கள் என்ற நினைப்பிலேயே பவுடர் பூசிக்கொள்கின்றன.

இந்த ஏடுகள் வெளி உலகின் கண்ணில் பட்டது 1846இல். ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள் 1904 முதல் 1928 வரை வந்தன. புதிதாக வாசிப்பவர்கள் போர்களைத் தேடிப் போகாமல், கிசுகிசுவில் தொடங்கலாம்.