யோர்தானில் இறங்கிய தங்கவயல்காரன்

யோர்தானைப் பார்த்துவிட்டு வந்தவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: இயேசு ஞானஸ்நானம் பெற்ற கரையில் நின்றேன் ஐயா, நின்றேன்!

ஜோர்டான் நாட்டில், சாக்கடலுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது அல்-மக்தாஸ். யோவான் சுவிசேஷம் சொல்கிற ‘யோர்தானுக்கு அக்கரையிலுள்ள பெத்தானியா’ இதுதான் என்று வழிவழியாக நம்புகிறார்கள். 1967 போருக்குப் பிறகு இது கண்ணிவெடி புதைத்த எல்லை. யாரும் எட்டிப் பார்க்க முடியாது. 1994இல் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் ஆன பிறகுதான் கண்ணிவெடிகளை எடுத்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார்கள். 2000இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து போனார். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. நம் ஆயுசில் திறந்த கதவு இது!

நினைத்த இடத்துக்கு நம் இஷ்டத்துக்குப் போக விடமாட்டார்கள். வாசலில் வண்டி ஏற்றி, வழிகாட்டியோடு இறக்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் நடைதான். இரண்டு பக்கமும் புதரும் நாணலும். தலைக்கு மேல் கொளுத்துகிற வெயில். எலியா அக்கினி ரதத்தில் ஏறிப் போனதாகச் சொல்லும் குன்றும் பக்கத்திலேயே. திடீரென்று ஒரு பள்ளம், அதில் பழைய கோயில்களின் அடித்தளம், தண்ணீரை நோக்கி இறங்கும் பளிங்குப் படிகள். பேரரசர் அனஸ்தாசியுஸ் காலத்தில், அதாவது 1500 வருஷத்துக்கு முன்னால், இங்கே யோவானுக்கு ஒரு கோயில் எழும்பியது. வெள்ளத்திலும் பூகம்பத்திலும் அது இடிந்தது. அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். விடாப்பிடியாகக் கட்டியிருக்கிறார்கள்! ஆறு இப்போது தடம் மாறி ஒதுங்கி ஓடுகிறது.

அந்த ஆறு இருக்கிறதே! பேத்தமங்கலத்துப் பாலாறு மாதிரி பேருக்குத்தான் நதி. சின்னப் பையன் கல் எறிந்தால் அக்கரையில் விழும். தண்ணீரோ கலங்கிய செம்மண் நிறம். மேலே இஸ்ரேல், சிரியா, ஜோர்டான் மூன்றும் தண்ணீரைத் திருப்பிக்கொள்வதால் பழைய ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வந்து சேர்வதில்லை. தமஸ்குவின் நதிகள் இதைவிட நல்லவை அல்லவா என்று வேதாகமத்து நாகமான் முறுக்கிக்கொண்டானே, அவன்மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை. ஆனாலும் மரப்படியில் இறங்கிக் காலை நனைத்த நிமிஷம் உடம்பு சிலிர்த்துப்போனது. குழாயடியில் குடம் வைத்துக் காத்துக் கிடந்து வளர்ந்த ஊர்க்காரனுக்குத் தண்ணீரின் அருமை தெரியாதா!

அக்கரை கஸ்ர் அல்-யஹூத். அங்கே வெள்ளை அங்கி போட்ட கூட்டம் முங்கி முங்கி எழுகிறது, ஏதோ பாஷையில் பாடுகிறது. இக்கரையில் நாங்கள் தமிழில் எடுத்துவிட்டோம். நடுவில் மிதவைக் கயிறு. அதுதான் தேச எல்லை. இரண்டு பக்கமும் சிப்பாய்கள். பாட்டுக்கு எந்தச் சிப்பாய் குறுக்கே வர முடியும்? அங்கிருந்து ஒரு அம்மா கையசைத்தார், எங்கள் பெண்கள் எல்லாரும் பதிலுக்கு அசைத்தார்கள். அந்தக் காட்சிக்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது.

எங்கள் கும்பலில் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த தாத்தா ஒருவர். சாக்கடல் கரைதான் பூமியிலேயே தாழ்ந்த நிலம், கடல் மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். தாத்தா விடவில்லை. “அட போப்பா, சாம்பியன் ரீஃப்ல நாங்க மூணு கிலோமீட்டருக்கு மேல இறங்கினவங்க!” மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி முழித்த முழி! 2001இல் மூடிய சுரங்கத்தின் கெத்தை யோர்தான் கரையில் காட்டிவிட்டு, அதே தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, குழந்தைபோல் தலையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டார். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று நம்மூர்ச் சபைகளில் அடித்துக்கொள்கிறோமே, அவரைப் பார்த்திருந்தால் அன்றோடு அந்தச் சண்டை தீர்ந்திருக்கும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியான வெயில் தாங்காது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். திரும்பும்போது மாதாபாவில் இறங்காமல் வராதீர்கள். அங்கே கோயில் தரையில் ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் பதித்த வரைபடத்தில் யோர்தான் ஓடுகிறது. உப்புக் கடலுக்குப் பயந்து ஒரு மீன் திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. அந்த மீனைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் நாம் பேசுவோம்!