பாடம் செய்யப்பட மறுத்தவர்கள்

எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முன்னுரையில் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. வயநாட்டில் அவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துப்போய், பாடம் செய்து, மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். அப்படி மட்டும் முடிந்திருந்தால், உயிருள்ள ஆட்களை வைத்து உருவமாதிரி செய்யும் சிக்கல் தீர்ந்திருக்குமே என்று தர்ஸ்டன் பெருமூச்சும் விடுகிறார்.

அவருக்கு அது வேடிக்கை. அந்த ஓட்டத்தை நான் ஒரு விமர்சனமாக வாசிக்கிறேன்.

அறியாமையால் வந்த பயம் என்று அதை ஒதுக்க முடியாது. 1851இல் தொடங்கிய மதராஸ் மியூசியத்தின் வளாகத்திலேயே 1855இல் மிருகக்காட்சி சாலையும் வந்தது. பிறகு அது இடம் மாறியது. சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். (இதைவிடச் சுருக்கமாக ஓர் அருங்காட்சியகத்தை யாரும் வகைப்படுத்தியதில்லை.) 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டனின் பொறுப்பில்தான் மீனும் பறவையும் வெண்கலச் சிலையும் பழங்குடிகளின் உடையும் இருந்தன. தோடர், கோத்தர் உடல்களை அளந்து எழுதிய அறிக்கையை 1896இல் மியூசியமே வெளியிட்டது. தலையின் அகலம், மூக்கின் நீளம் என்று மனிதர்களை எண்களாக்கிய காலம் அது. விலங்கைப் பாடம் செய்து வைக்கும் இடத்திலிருந்து, தலையை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்து நிற்கிறார். அந்தப் பெண்கள் வேறு எதை நினைத்திருக்க வேண்டும்? உயிரை எடுக்காமலே ஓர் உடலை மாதிரிப் பொருளாக்கலாம் என்பது மட்டும்தான் அவர்கள் கணக்கில் வராதது.

எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. பணியர்கள் வயநாட்டின் வயல்களில் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். வள்ளியூர்க்காவு திருவிழாவில் முன்பணம் கொடுத்து, ஆண்டு முழுவதற்குமாக அவர்களுடைய உழைப்பை நிலவுடைமையாளர்கள் பேசி முடித்துக்கொள்வது வழக்கம். மறுநாள் அதே வயலுக்குத்தான் திரும்பியாக வேண்டும். ஆகவே அந்த ஓட்டத்தை வீரமாக ஊதிப் பெருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அளக்க வந்தவரின் முன்னால் அசையாமல் நிற்க மறுத்தார்கள். அந்த மறுப்பு அவருடைய நூலிலேயே பதிவாகியிருக்கிறது.

அருங்காட்சியகத்தின் மொழியில் இப்படிப்பட்ட மறுப்புக்கு இடமே இல்லை. பழங்குடிப் பொருள்களுக்கு அடியில் வழக்கமாக எழுதப்படும் குறிப்பின் இலக்கணத்தைப் பாருங்கள். ‘அணிவர்’, ‘பயன்படுத்துவர்’ என்று காலமே இல்லாத வினைமுற்று. பொருள் கைமாறிய இடத்தில் மட்டும் ‘சேகரிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினை. யார் கொடுத்தார், விலைக்கா, மிரட்டலுக்கா, எதுவும் தெரியாது. இனத்தின் பெயர் இருக்கும், செய்தவளின் பெயர் இருக்காது. ஓலைச்சுருளில் மெழுகை நிரப்பிக் குன்றிமணி பதித்த பணியர் பெண்ணின் காதணி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், ‘பழங்குடி அணிகலன்’ என்ற இரு சொற்களில் அவள் கையும் காதும் மறைந்துவிடும். தோடர் பெண்கள் நூலை எண்ணி எண்ணிப் போடும் பூத்தையலுக்கும் இதே கதிதான்.

தமிழ்த் துறைகளில் தர்ஸ்டனை நாம் தாராளமாக மேற்கோள் காட்டுகிறோம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்பு வந்த பிறகு அது இன்னும் எளிதாகிவிட்டது. திருமணச் சடங்குக்கு ஒரு பத்தி, அணிகலனுக்கு ஒரு பத்தி என்று வெட்டியெடுத்து ஆய்வேட்டில் ஒட்டுகிறோம். அந்தத் தகவல் எந்தச் சூழலில் பெறப்பட்டது என்று ஆய்வேட்டுத் தேர்வுகளில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் முன்னுரையைப் படிக்க வேண்டியிருக்கும். அதில் இந்தப் பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் செய்தியைப் பழங்குடிப் பொருள்கள் உள்ள கூடத்தின் வாசலிலேயே, தர்ஸ்டனின் பெருமூச்சோடு சேர்த்து, எழுதி வைக்கலாம். வைப்பதா வேண்டாமா என்று முதலில் கூடலூரிலும் வயநாட்டிலும் இன்று வாழும் பணியர் பெண்களைக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவற்றில் எது அங்கேயே இருக்கலாம், எது திரும்பி வர வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும்.