தமிழ் விளையாட்டுத் திரைப்படங்களில் எளியவரின் வெற்றி

எளிய பின்புலம் கொண்ட வீரரையோ அணியையோ மையமாகக் கொண்ட விளையாட்டுத் திரைப்படங்கள் 2000-க்குப் பின் தமிழில் தனி வகைமையாக வளர்ந்தன. சுசீந்திரன் இயக்கிய வெண்ணிலா கபடி குழு (2009), ஜீவா (2014), அருண்ராஜா காமராஜின் கனா (2018), பா. ரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை (2021), தமிழரசன் பச்சமுத்துவின் லப்பர் பந்து (2024), மாரி செல்வராஜின் பைசன் காளமாடன் (2025) ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

ஈர்ப்பின் காரணம்

இப்படங்களில் நாயகன் வெல்வான் என்பதைப் பார்வையாளர் பெரும்பாலும் முன்பே அறிவார். ஆகவே யார் வெல்வார் என்ற ஆவல் மட்டும் இவற்றின் நீடித்த ஈர்ப்பை விளக்காது. களத்துக்குள் நுழைய யார் அனுமதிக்கப்படுகிறார் என்பதே இவை எழுப்பும் கேள்வி. ஜீவாவில் மாநில அணித் தேர்வில் நிலவும் பாகுபாடு ஓர் இளைஞனின் உயிரைப் பறிக்கிறது. லப்பர் பந்து படத்தின் அன்பு, சாதியின் காரணமாக உள்ளூர் அணியில் இடம் பெறாமல் பிற அணிகளுக்கு ஆடுகிறான்.

அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடி போன்ற மானாவாரிக் கரிசல் ஊர்களின் பார்வையாளருக்கு இக்கேள்வி அந்நியமானதல்ல. கபடிக்கு மட்டை வேண்டாம், காலணி வேண்டாம். கோடு கிழித்த மண்தரை போதும். ஆடுவதற்குச் செலவில்லாத அந்த ஆட்டத்திலும் ஊர் எல்லையைத் தாண்டிச் செல்லப் பயிற்சி, பயணச் செலவு, பரிந்துரைக்க ஓர் ஆள் ஆகியவை தேவை. கனாவில் மகளின் கிரிக்கெட் கனவும் தந்தையின் விவசாயக் கடனும் இணையாகச் செல்வதால், மழையை நம்பிப் பயிரிடும் குடும்பங்கள் தந்தை முருகேசனை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும்.

மதிப்பீடு

இவ்வகைமையின் முதன்மைக் குறை, அமைப்பின் சிக்கலைத் தனிமனிதரின் விடாமுயற்சியால் தீர்ப்பது. ஒருவர் உள்ளே நுழைந்ததும் படம் முடிகிறது. வாசலில் நின்ற மற்றவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய பைசன், ஆட்டத்துக்கு வெளியே உள்ள சாதிப் பகையை விரிவாகக் காட்டி இக்குறையை ஓரளவு கடக்கிறது. வெண்ணிலா கபடி குழு நாயகனின் மரணத்தில் முடிவதால் கோப்பையைவிட இழப்பே நினைவில் நிற்கிறது. வெற்றிக்குக் கொடுத்த விலையை மறைக்காத படங்களே இவ்வகைமையில் நிலைக்கின்றன.