எலெக்ட்ரிக் பிரஷ்ஷும் எங்கள் உப்புத் தண்ணீரும்

எலெக்ட்ரிக் டூத்பிரஷ் வாங்கலாமா, வாட்டர் ஃப்ளாஸர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குத்தான் காசு ஒதுக்க முடியும் என்றால் பிரஷ் வாங்குங்கள். வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீட்டில் இரண்டையும் சில மாதங்களாகப் புழங்குகிறோம். புழங்குவது நானும், பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை உள்ள என் அம்மாவும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது சிரமமாகும். அதனால்தான் இந்தச் செலவில் இறங்கினேன்.

பிரஷ் வட்டத் தலை வகை. தலை முழுச்சுற்று சுற்றாது, இடமும் வலமுமாக வெடுக்கு வெடுக்கென்று திரும்பும். சோனிக் என்று விற்கும் இன்னொரு வகையில் தலை நீளமாக இருக்கும், வேகமாக அதிரும். பிலிப்ஸ் சோனிகேர் நிமிடத்துக்கு 31,000 அசைவு என்று கணக்குச் சொல்கிறது. இந்தச் சாதனம் நேற்று வந்ததல்ல. 1954-லேயே ஸ்விட்சர்லாந்தில் பிராக்ஸோடென்ட் என்ற மின்சார பிரஷ் வந்துவிட்டது. 2014-ல் காக்ரேன் அமைப்பு 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் மின்சார பிரஷ் பழகியவர்களுக்குச் சாதா பிரஷ்காரர்களைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவீதமும், ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைவாக இருந்தன.

அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை அம்மா பல் தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது புரிந்துகொண்டேன். அம்மா காலமெல்லாம் பிரஷ்ஷைக் குறுக்கே வைத்து அழுத்தி இழுத்தவர். ஈறு இறங்கி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. "அழுத்தாதம்மா, சும்மா வெச்சிருந்தாப் போதும்" என்றால், "அழுத்தாம தேச்சா தேச்ச மாதிரியே இல்லடா" என்பார். விலை கூடின மாடலில் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். எங்களுடையதில் அது இல்லை. ஆனால் அழுத்தினால் மோட்டார் சத்தம் அடங்கிப்போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே அம்மா கையைத் தளர்த்தப் பழகிக்கொண்டார். இரண்டாவது லாபம் டைமர். முப்பது விநாடிக்கு ஒருமுறை சின்னதாக விக்கி, வாயின் அடுத்த கால்பகுதிக்குப் போகச் சொல்லும். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரியும். சாதா பிரஷ்ஷில் நாம் யாரும் அவ்வளவு நேரம் தேய்ப்பதில்லை.

பழகும் முறை எளிது. பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ்ஷை வாய்க்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியெல்லாம் நுரை. தலையை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் லேசாகச் சாய்த்து, ஒவ்வொரு பல்லாக நகர்த்துங்கள். கையால் தேய்க்கவே கூடாது.

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. விடிந்தும் விடியாமலும் பஸ் பிடிக்க வேண்டியவர்களிடம் காலையில் இரண்டு நிமிடம் தேய்க்கச் சொன்னால் நடக்காது. அவர்களுக்கு நான் சொல்வது, இரவுத் தேய்ப்பை விடாதீர்கள் என்பதுதான். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைகிறது, பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது.

இனி, பல்லிடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சுகிற ஃப்ளாஸர். ஒரு தொட்டி, ஒரு பம்ப், ஒரு நாசில், அவ்வளவுதான். 1962-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் டாக்டரும் ஒரு இன்ஜினியரும் சேர்ந்து உருவாக்கிய வாட்டர்பிக் தான் இதற்கு முன்னோடி. வாஷ்பேசின்மேல் நன்றாகக் குனிந்து, உதட்டை லேசாக மூடி, தண்ணீர் தானாக வழியும்படி விட வேண்டும். கடைவாய்ப் பல்லில் தொடங்கி, குறைந்த வேகத்தில், ஈறுக்கோட்டை ஒட்டியே வர வேண்டும்.

முதல் நாள் பேசினில் தண்ணீர் ரோஸ் நிறமாக ஓடியதும் அம்மா பயந்துபோய் மிஷினை வைத்துவிட்டார். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஈறு ஏற்கெனவே வீங்கியிருப்பதால்தான் பட்டதும் ரத்தம் வருகிறது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டால் அழுக்கு அங்கேயே தங்கி வீக்கம் கூடும். மெதுவாக, தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அம்மாவுக்குப் படிப்படியாக நின்றது. இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

எங்கள் ஊரில் ஃப்ளாஸருக்கு எதிரி போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர் நாசிலை மட்டும் விட்டுவைக்குமா? சில வாரங்களில் ஊசிபோல வந்த தாரை மெலிந்து கோணலாகப் பீய்ச்ச ஆரம்பித்தது. நுனியில் சுண்ணாம்பு மாதிரிப் பொருக்கு. வினிகரில் ஊறவைத்துக் கழுவியதும் சரியானது. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமில் நிறுத்தச் சொல்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு மண்ணையும் கிணற்றையும் கெடுத்த கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவாகியிருக்கிறது. இந்தப் பக்கத்து மக்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குவது இன்று சாதாரணம். அதையே ஃப்ளாஸருக்கும் ஊற்றுகிறேன். தொட்டி 250 மில்லி என்றால் 20 லிட்டர் கேனில் 80 முறை வரும்.

இவ்வளவு பாடுபட்டும் ஃப்ளாஸர் பிரஷ்ஷுக்கு மாற்றாகாது. 2019-ல் காக்ரேன் பார்த்தபோதும் ஈறு அழற்சியைக் கொஞ்சம் குறைக்கலாம், ஒட்டிய அழுக்கு குறைந்ததாகத் தெரியவில்லை என்றுதான் வந்தது. அந்தச் சான்றும் வலுவானதல்ல. கிளிப் போட்டவர்கள், பிரிட்ஜ் கட்டியவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்குப் பல்லிடுக்கில் நுழைகிற குட்டி பிரஷ் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாக்கெட் போதும், தண்ணீர்த் தொல்லையும் இல்லை.

எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் பேஸ்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். 1000 பிபிஎம் என்று போட்டிருந்தால் நல்லது. மூலிகை, உப்பு என்று விற்பவற்றில் பலதில் அது இல்லை. தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், நாலு சொம்பு தண்ணீரில் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். காரையாக இறுகிவிட்ட அழுக்கை எந்த மிஷினும் எடுக்காது. அதற்கு ஸ்கேலிங்தான். சிஎம்சி-யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். காரைக்கு அடியில் எலும்பு கரைந்த பல் ஏற்கெனவே ஆடத்தான் செய்யும், காரை அதை மறைத்து வைத்திருக்கும்.

வாங்குவதற்கு முன் மாற்றுத் தலை கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும், வருஷத்துக்கு நாலு. எங்கள் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் இல்லை, ஆன்லைனில்தான் வரவழைக்கிறேன். கைப்பிடி ஒன்றே போதும், ஆளுக்கொரு தலை மாட்டிக்கொள்ளலாம். அம்மாவின் தலைக்கு நீல வளையம், எனக்கு மஞ்சள்.