கணினியைக் காத்தோம், கட்டுரையைக் காத்தோமா?

ஒரு பள்ளியின் கணினிக்கூடத்தில் நான் பார்த்தது இது. ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி எஸ்.பி.எம். பயிற்சிக் கட்டுரையைத் தட்டச்சு செய்து ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் சேமித்தாள். மறுநாள் கோப்பைக் காணோம். “டீச்சர், நேத்து சேவ் பண்ணேனே!” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. கணினியிலும் பழுதில்லை.

அது தின் கிளையண்ட். பெரும்பாலான வேலையைச் சர்வரிடம் விட்டுவிடும் சின்னக் கணினி. அதனுள் இருக்கும் ஃபிளாஷ் சேமிப்பகம் சிறியது. எழுதி அழிக்க அழிக்கத் தேயும். அதைக் காக்கவே விண்டோஸ் 10இன் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் ‘யூனிஃபைட் ரைட் ஃபில்டர்’ என்னும் எழுதல் தடுப்பு இருக்கிறது. சேமிப்பகத்தில் எழுத வேண்டியதை அது ராம் நினைவகத்தில் எழுதி வைக்கும். கரும்பலகை மேல் கண்ணாடி வைத்து எழுதுவது மாதிரி. கணினியை மறுபடி தொடங்கினால் கண்ணாடி துடைக்கப்படும். பலகை பழையபடி இருக்கும்.

இதன் நன்மையை மறுக்க முடியாது. மாணவர்கள் எந்த அமைப்பை மாற்றினாலும் மறுநாள் எல்லாம் சரியாகிவிடும். சேமிப்பகத்தின் ஆயுளும் கூடும்.

குறை மூன்று. முதலாவது, அது மௌனமாக வேலை செய்கிறது. ‘சேமிக்கப்பட்டது’ என்றே மாணவருக்குத் தெரியும். எதில் என்று தெரியாது. தடுப்பு இயங்கும்போது சேர்த்த தமிழ் விசைப்பலகையும் இப்படித்தான் காணாமல் போகும். இரண்டாவது, அந்தக் கண்ணாடிக்கும் அளவு உண்டு. இயல்பாக 1024 மெகாபைட்தான். நிரம்பினால் எழுத முடியாமல் கணினி திணறும். மூன்றாவது, இது வைரஸ் தடுப்பு அல்ல. மறுதொடக்கம் வரை வைரஸ் ஓடும்; பென்டிரைவுக்கும் தாவும்.

ஆனால் என் விமர்சனம் கருவி மேல் இல்லை, அதை அமைக்கும் முறை மேல்தான். 2013 முதல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக்கை நினைத்துப் பாருங்கள். அதிலும் இயங்குதளப் பகுதியில் மாணவர் எழுத முடியாது. ஆனால் அவர் வேலை அவருடைய கூகுள் கணக்கில் போய்ச் சேரும். இயந்திரத்துக்கு உரியது வேறு, மாணவருக்கு உரியது வேறு என்று அங்கே முதலிலேயே பிரித்துவிட்டார்கள். இணையம் மெதுவானால் சிரமம்தான். இருந்தாலும் பிரித்த விதம் சரி.

ஆகவே ஆசிரியர்களே, கூடப் பொறுப்பாளரிடம் மூன்று கேளுங்கள். மாணவர் கோப்புகளுக்குச் சர்வரில் ஓர் இடம், அல்லது தடுப்பு இல்லாத ஒரு பகுதி. தமிழ் விசைப்பலகையை நிறுவிய பிறகே தடுப்பை இயக்குவது. ‘இங்கே சேமித்தால் நிற்காது’ என்று திரையில் தமிழில் ஓர் அறிவிப்பு.

மாணவர்களே, எழுதியதை எழுந்து போகுமுன் டெலிமா கணக்கின் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

அந்த மாணவி கட்டுரையைத் திரும்ப எழுதினாள். “முதல்ல எழுதினதுதான் டீச்சர் நல்லா இருந்துச்சு” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

— இடைநிலைப் பள்ளித் தமிழாசிரியர், புக்கிட் தெங்கா