பார்க் விட்டுப்போன புல்பள்ளங்கள்

சன்னிங்டேலைப் பாடாத கோல்ஃப் ரசிகர் கிடையாது. பாடட்டும், புதர்க்காட்டு மண்ணில் அப்படியொரு ஆடுகளத்தை எழுப்பியது லேசான காரியமில்லை. ஆனால் அதை எழுப்பிய வில்லி பார்க் ஜூனியரின் மனசு எங்கே இருந்தது என்று கேட்டால், அதே 1901-ல் திறந்த ஹன்டர்கோம்பைத்தான் காட்டுவேன். சன்னிங்டேல் கூலிக்குச் செய்தது. ஹன்டர்கோம்பில் போட்டது சொந்தக் காசு. அது கையைக் கடித்தது வேறு கதை.

அங்கே மணல் பங்கர் மொத்தமே 13தான். மீதி வேலையைப் புல் மூடிய பள்ளங்கள் பார்த்துக்கொள்கின்றன. மணலில் விழுந்தால் என்ன செய்வதென்று இன்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்: ஒரே கிளப், ஒரே வீச்சு. இந்தப் பள்ளங்களில் பந்து பாதிச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, புல் எவ்வளவு பிடித்து இழுக்குமோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்தாக வேண்டும். பங்கர் குறைவு, அதனால் சுலபம் என்பவர்கள் இரண்டு தட்டாகக் கிடக்கும் நான்காவது கிரீனில், கீழ்த்தட்டிலிருந்து மேலே ஒரு பட் அடித்துப் பார்க்கட்டும்.

பட்டிங்கிலேயே ஊறியவருக்குத்தான் கிரீனை இப்படி மடித்துப்போடத் தோன்றும். பார்க், முதல் பிரிட்டிஷ் ஓபனை வென்றவரின் பிள்ளை. 1887-ல் தானும் வென்றார். 1889-ல் மசல்பரோவில் நடந்த கடைசி ஓபனில் ஆண்ட்ரூ கிர்க்கால்டியோடு 155-ல் சமமாக முடித்து, மறு ஆட்டத்தில் ஜெயித்தார். கழுத்து வளைந்த பட்டரைச் செய்து விற்றார். 1920-ல் பட்டிங்குக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். அப்பேர்ப்பட்டவர்தான் 1898-ல் பிரெஸ்ட்விக்கின் கடைசிக் குழியில் ஒரு குட்டிப் பட்டைத் தவறவிட்டு, ஹாரி வார்டனிடம் ஓர் அடியில் கோட்டைவிட்டார். மறு ஆண்டு அவரோடு பந்தயம் கட்டி ஆடி, இன்னும் மோசமாக வாங்கிக்கட்டிக்கொண்டார். வார்டன் பக்தர்கள் இதைச் சொல்லியே நம் வாயை அடைப்பார்கள். டீயிலிருந்து கிரீன் வரை வார்டனை மிஞ்ச ஆளில்லை, சரி. குட்டிப் பட்டில் அவர் கை நடுங்கிய கதையை மட்டும் ஏனோ அவர்கள் எடுப்பதே இல்லை.

இப்போது கிரீனில் புல்லை வழித்து எடுக்கிறார்கள். பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஓடுவதால் சரிவு வைக்க முடியவில்லை. தோசைக்கல் மாதிரி தட்டையாக்கிவிட்டு, குறைந்துபோன சுவாரசியத்துக்கு ஈடாகச் சுற்றிலும் வெள்ளை மணலைக் கொட்டுகிறார்கள். தொலைக்காட்சியில் அழகாகத்தான் இருக்கிறது. பார்க்கின் நான்காவது கிரீனை இன்று ஒருவர் வரைந்துகொண்டு போனால் எந்தக் கமிட்டியும் கையெழுத்துப் போடாது.