அட்டவணை தரும் காய்ச்சல்

நீண்ட ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தைச் சோதித்தால், நோயை எதிர்க்கும் லிம்போசைட் செல்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கிருமி புகுந்துவிடுகிறது என்பதே டென்மார்க் ஆய்வாளர் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் முன்வைத்த ‘திறந்த சன்னல்’ கொள்கை. கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் விளக்கம். 1987 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானை அடுத்த வாரத்தில் தமக்குச் சளித் தொற்று வந்ததாக, ஓடியவர்களில் 12.9 விழுக்காட்டினர் ஆய்வாளர் டேவிட் நீமனின் குழுவிடம் கூறினர். பயிற்சி எடுத்தும் ஓடாதவர்களில் அது 2.2 விழுக்காடுதான்.

ஆனால் எவரையும் ஆய்வகத்தில் சோதிக்கவில்லை. மணிக்கணக்கில் வாயால் மூச்சு வாங்கினாலே தொண்டை வறண்டு வலிக்கும். அதற்குக் கிருமி வேண்டியதில்லை. 2018இல் பாத் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் கொள்கையின் அடித்தளத்தையே மறுத்தார்கள். ரத்தத்தில் காணாமல்போன செல்கள் சாகவில்லை. நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன என்றார்கள். இதன் சான்றுகளில் ஒரு பகுதி விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தது என்றாலும், வாதம் வலுவானது.

அதனால் நெருக்கமான பந்தய அட்டவணை குற்றமற்றது என்று ஆகிவிடாது. அடுத்தடுத்த நாள்களில் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடக்கும் ‘டூர் டி ஸ்கீ’ தொடரில் கலந்துகொண்ட நார்வே வீரர்களில் 48 விழுக்காட்டினர், தொடரின்போதோ அதையடுத்த நாள்களிலோ நோய்ப்பட்டனர். கலந்துகொள்ளாத வீரர்களில் 16 விழுக்காட்டினர். பந்தயக் களைப்பே காரணம் என்று இங்கே முடித்துவிடலாம். என்னைத் தயங்கவைப்பது 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பின்லாந்து அணிக்கு நேர்ந்தது. 44 வீரர்களில் 20 பேருக்குச் சளி. களத்தில் இறங்கவே இறங்காத 68 பணியாளர்களிலும் 22 பேருக்கு. எந்த ஓட்டம் அவர்களின் சன்னலைத் திறந்துவிட்டது? ஒரே பேருந்து, ஒரே சாப்பாட்டு மேசை, பக்கத்துப் படுக்கை என்றுதான் தேட வேண்டியிருக்கிறது.

2010 சூப்பர் ரக்பி தொடரில் ஆடிய வீரர்களிடம் கண்டது இன்னும் நுட்பமானது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடிகாரம் மாறும் நாடுகளில் விளையாடியபோது நோய் விகிதம் சொந்த ஊரில் இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதே தொலைவு பறந்து திரும்பிய பின்னர் அது இறங்கிவிட்டது. விமானத்தைவிட, போய்ச் சேர்ந்த இடத்தின் மேல்தான் ஐயம் விழுகிறது: புதுக் கிருமிகள், மாறிய உணவு, கெட்ட தூக்கம். தூக்கத்தின் பங்கைச் சிறிதாக எண்ண முடியாது. 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்த 2015 ஆய்வில், ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர்.

நெருக்கமான தொடர்களால் ஆதாயமும் உண்டு. பந்தயம்தான் பந்தயத்துக்கு நல்ல பயிற்சி. தொலைக்காட்சிப் பணம் வருவதும் அதனால்தான். அதற்காக, ‘எதிர்ப்பாற்றல் வடிந்துவிட்டது’ என்ற பழைய விளக்கத்தையே தொடர அமைப்பாளர்களை அனுமதிக்கக் கூடாது. அந்த விளக்கப்படி தவறு வீரரின் உடலில் இருக்கிறது. அவர் துத்தநாக மாத்திரையும் சத்துப் பொடியும் வாங்கித் தின்ன வேண்டியதுதான். அறைக்கு ஒருவர், தொலைதூரப் பயணத்துக்குப் பின் ஓரிரு ஓய்வு நாள், பின்னிரவு வரை இழுக்காத ஆட்ட நேரம் ஆகியவற்றை எந்த வீரரும் கடையில் வாங்க முடியாது. அவற்றை அட்டவணை போடுபவர்களிடம்தான் கேட்க வேண்டும்.